எலெக்ட்ரிக் கிட்டாரில் வீணையும் நாயனமும்: கேள்வி பதில்

காரைக்குடியில் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவனிடம் எல்லாரும் கேட்பது ராக் இல்லை, வீணையும் நாயனமும்தான். இந்த வாரம் வந்த கேள்விகளில் பொதுவாக உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, என் மல்டி எஃபெக்ட்ஸில் (கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல் பெட்டி) சிதார் என்று ஒரு சத்தம் இருக்கிறது. அதை வைத்து வீணை வருமா? (காரைக்குடி)

வராது. கொசு ரீங்காரம்தான் வரும். பெடலை அணைத்துவிட்டு முதலில் சுருதியை மாற்றுங்கள். வீணையின் நாலு தந்தி சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம், அதாவது மேலிருந்து ச, ப, ச, ப. கிட்டாரில் முதல் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும் இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கும் இறக்குங்கள். நாலாவதும் ஐந்தாவதும் ஏற்கெனவே டி, ஏ. டி-யை சட்ஜமாக வைத்தால் வீணை தயார், நான் இதைக் கண்டுபிடித்த அன்று வேறு எதுவுமே வாசிக்கவில்லை! மூன்றாவது தந்தி வேண்டாம், அடியில் கொஞ்சம் துணியைச் செருகி ஊமையாக்கிவிடுங்கள்.

இறக்கிய தந்தி தொய்வாக இருப்பதால் இழுக்கவும் சுலபம். வீணையில் ஒரே மெட்டில் (விரல் வைக்கிற குறுக்குக் கட்டை) நின்று தந்தியை இழுத்தே மூன்று நாலு சுரம் எடுப்பார்கள், நமக்கு இரண்டு வந்தாலே பெரிசு, மெல்லிய ஒன்பது கேஜ் தந்தி போடுங்கள். பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆள்காட்டி விரல், நடுவிரல் நகத்தால் கீழ்நோக்கி மீட்ட வேண்டும். நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்), டோன் பாதி, சத்தத்தைச் சமப்படுத்துகிற கம்ப்ரஸர் கொஞ்சம். சத்தத்தைக் கரகரப்பாக்குகிற ஓவர்டிரைவ் கூடாது. வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயர் பதிவு கிடைத்தால் கேளுங்கள், காரைக்குடி பாணிக்குப் பேரே அந்த மீட்டுதான், அது விரலில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

நாயனம் வேண்டும். டிஸ்டார்ஷன் போட்டால் போதாதா? (தேவகோட்டை)

போதாது. தந்தியைத் தட்டினால் 'டங்' என்று தொடங்கும், நாயனத்தில் அந்த டங் கிடையாது, மூச்சு. அதை மறைக்க வால்யூம் பெடலை மூடி வைத்து, தட்டிய பிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் 1976-லிருந்து விற்கிற ஈ-போ வாங்குங்கள், கையில் பிடிக்கிற சின்னக் கருவி, காந்தப் புலத்தால் தந்தியைத் தொடாமலே அதிர வைக்கும். அப்புறம் ஓவர்டிரைவ், அதற்குப் பின்னால் 'வா-வா' என்று சத்தத்தை மாற்றுகிற வா (wah) பெடலைப் பாதி அழுத்தி அப்படியே விட்டுவிடுங்கள், மூக்கால் பாடுவது போல ஆகும். இடது கையில் ஸ்லைடு (தந்தி மேல் வழுக்குகிற குழாய்). நாயனக்காரர் துளையைப் பாதி மூடியும் மூச்சை அழுத்தியும் சுரத்தை வளைக்கிறார், மெட்டு மெட்டாக விரல் வைத்தால் அந்த வளைவு வராது. கூடவே ஒலிக்கிற ஒத்துக்கு, பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிற லூப்பரில் ஒரு சட்ஜம் ஓடட்டும்.

தம்பி, பேரன் வளவில் (வீட்டு உள் முற்றத்தில்) உட்கார்ந்து வாசிக்கிறான், ஒரே எதிரொலி, என்ன செய்யலாம்? (கானாடுகாத்தான்)

ஆச்சி, அந்த எதிரொலிக்குத்தான் மற்ற பையன்கள் காசு கொடுத்து ரிவெர்ப் பெடல் வாங்குகிறார்கள். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஓசை எங்கே போகும்? பெடலில் இருக்கிற ரிவெர்பை அணைக்கச் சொல்லுங்கள், ஆம்ப் ஒலிபெருக்கியைக் குறைத்து வைத்தாலே தம்புரா, வீணை எல்லாம் அங்கே அழகாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திட்டுங்கள்.

மாண்டலின் சத்தத்துக்கு டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்கிற எஃபெக்ட்) வேண்டுமா? (பள்ளத்தூர்)

எந்த மாண்டலின்? சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்தி, ஜோடி ஜோடியாக. அதற்கு பிரிட்ஜ் பிக்கப், ஏழாவது மெட்டில் எல்லாத் தந்தியையும் அழுத்துகிற கேப்போ கிளிப், 25 மில்லிசெகண்ட் டிலே, ஒரே ஒரு திரும்பல், மேலே லேசாகக் கோரஸ் (ஒன்றைப் பலவாகக் கேட்க வைக்கிற எஃபெக்ட்). உ. ஸ்ரீநிவாஸ் மாதிரி வேண்டுமென்றால் அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் மாண்டலின், டிலேயே தேவையில்லை. கை வேகம்தான் தேவை, அதை என்னிடம் கேட்காதீர்கள்.

தம்புரா ரீங்காரம்?

தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் (பிரிட்ஜ், தந்தி உட்காரும் கட்டை) நடுவே ஜீவா என்று பஞ்சு நூல் வைப்பார்கள், அதுதான் ரீங்காரம். கிட்டார் பிரிட்ஜில் தந்தி உட்காரும் இடம் ஒடுக்கம், நூல் நிற்காது. பிரிட்ஜ் பக்கத்தில் தடித்த காகிதத் துண்டைத் தந்திகளுக்கு மேலும் கீழுமாக நுழைத்துப் பாருங்கள், நான் கல்யாணப் பத்திரிகை ஓரத்தை வெட்டி வைத்திருக்கிறேன், பொன் எழுத்து இருக்கிற பக்கம் நன்றாக உறுமுகிறது.

மேடையில் ஒரே 'ஊ' என்று இரைச்சல். பெடல் கெட்டுப்போச்சா?

ஒற்றைச் சுருள் பிக்கப்பாக இருந்தால் சீரியல் செட் அலங்கார விளக்குகளுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். ஒரு திருவிழாவில் நாயனம் வாசிக்கிறேன் என்று ஏறி, பாட்டைவிட இரைச்சலே பெரிசாகக் கேட்டது, மைக் செட்காரர் என்னையும் சேர்த்து அணைத்துவிட்டார். இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் போடுங்கள்.

தவில்?

தவில்காரரைக் கூப்பிடுங்கள்.