லைப்ரரி அப்கிரேட் பண்ணதும் புரோகிராம் கிராஷ் ஆகுது, கோடுல ஒரு வரி கூட மாத்தல, ஏன்?

நீங்க கோடை மாத்தல சரி, ஆனா உங்க பைனரி (கம்பைல் பண்ணி வந்த, ஓடற ஃபைல்) லைப்ரரியோட பழைய ஹெடர் ஃபைலை (அதோட ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன் விவரம் இருக்கற ஃபைல்) வச்சு கம்பைல் ஆனது, வில்லங்கமே அங்கதான். பழைய வெர்ஷன்ல ஒரு ஸ்ட்ரக்ட் (பல டேட்டாவை ஒண்ணா சேத்த கட்டு) 24 பைட்னு வைங்க, புதுசுல ஒரு பாயிண்டர் (மெமரி முகவரி, 64-பிட் சிஸ்டத்துல 8 பைட்) சேத்து 32 ஆக்கிட்டாங்க. உங்க புரோகிராம் இன்னும் 24 பைட்தான் ஒதுக்கும், லைப்ரரி பாட்டுக்கு 32 பைட்டுக்கு எழுதும், மிச்ச 8 பைட் பக்கத்துல இருக்கற வேற டேட்டா மேல போய் விழும். அதனாலதான் கிராஷ் அங்கயே ஆகாம சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃப்ரீ கால்ல (மெமரியைத் திருப்பிக் குடுக்கற இடத்துல) போய் ஆகுது, ஜிடிபி (gdb) டீபக்கர்ல பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுங்கற பட்டியல்) பாத்தா தலையும் புரியாது வாலும் புரியாது. ஃபங்ஷனே காணாம போயிருந்தா "சிம்பல் லுக்கப் எரர்"னு நேரா சொல்லிடும், அது எவ்வளவோ மேல்.

முறைப்படி இந்த மாதிரி உடைச்சா லைப்ரரிக்காரங்க சோநேம் (soname, லைப்ரரி ஃபைலுக்குள்ள இருக்கற வெர்ஷன் பேரு) நம்பரை ஏத்தணும், சில பேர் ஏத்தறதில்ல, லோடரும் (புரோகிராம் ஆரம்பிக்கறப்ப லைப்ரரியை ஏத்தறது) நம்பி புதுசை எடுத்துக்கும்.

முதல்ல மேக் கிளீன் (make clean, பழைய பில்டை அழிக்கற கமாண்ட்) போட்டு முழுசா ரீபில்ட் பண்ணுங்க, வெறும் மேக் அடிச்சா பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் (முன்னாடி கம்பைல் ஆன துண்டு) அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கலாம். அப்பவும் கிராஷ் ஆனா எல்டிடி (ldd) கமாண்டை ஓட்டி லைப்ரரி எந்த பாத்ல இருந்து லோட் ஆகுதுன்னு பாருங்க, வேற ஏதாவது டிபெண்டன்சி (உங்க புரோகிராம் நம்பியிருக்கற இன்னொரு லைப்ரரி) பழைய வெர்ஷனையும் சேத்து இழுத்துட்டு வந்திருக்கலாம்.