யூரியாவைக் கூட்டியும் கோதுமை விளைச்சல் ஏறாதது ஏன்?

யூரியாவை இரு மடங்காக்கியும் கோதுமை விளைச்சல் உயரவில்லை, தூர்களும் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகள்) குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பருவத்தில் யூரியாவை மேலும் கூட்டாதீர்கள். விதைப்பின்போதே மணிச்சத்தைக் (பாஸ்பரஸ்) கொடுங்கள். யூரியாவில் இருப்பது 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்); மணிச்சத்து அதில் இல்லை. மணிச்சத்து குறைந்த மண்ணில் வேர் ஓடாமல், தூர் கட்டாமல் நிற்கும் பயிரால் அந்தத் தழைச்சத்தை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. இலை கரும்பச்சையாக இருந்தும் தூர்கள் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதையே காட்டுகிறது. தழைச்சத்துக் குறையாக இருந்தால் அடியிலைகள்தான் முதலில் மஞ்சளாகியிருக்கும்.

மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது என்பதால், மணிச்சத்து உரமான டிஏபியை (டை அம்மோனியம் பாஸ்பேட்) மேலாகத் தூவுவதைவிட, விதையைத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே வரிசையாக இடுவதே நல்லது.

இதைச் சோதித்துப் பார்க்க, வயலின் குறுக்கே இரண்டு பட்டைகளை ஒதுக்கி, ஒன்றில் மட்டும் டிஏபி இடுங்கள். டிஏபியிலும் 18 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால், அந்தப் பட்டையில் யூரியாவை அதற்கேற்பக் குறைத்து, தூர் கட்டும் பருவத்தில் ஒரு மீட்டர் வரிசையில் உள்ள தூர்களை எண்ணி ஒப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே, அதாவது மண் அமிலமாக இருந்தால், இடும் மணிச்சத்தை அலுமினியமும் இரும்பும் பிடித்துக்கொள்ளும். அங்கே முதல் செலவு உரத்துக்கு அல்ல, அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புக்கு.