லிஸ்ட்ல 17 இடம், கையில ரெண்டு நாள்

கேள்வி: அக்கா, வணக்கம். எங்களுக்கு ராஜபாளையம். காலாண்டு லீவுக்கு மொத தடவையா குடும்பத்தோட மெட்ராஸ் சுத்திப் பாக்க வரோம். நான், வீட்டுக்காரி, அம்மா, பசங்க ரெண்டு பேரு (பத்து வயசு, ஆறு வயசு). அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க மாட்டாங்க. திங்கக்கிழமை விடியக்காலை பஸ்ல வந்து இறங்கி, செவ்வாய்க்கிழமை நைட் பஸ்ல திரும்புறதா பிளான். அம்மாவுக்கு கபாலீஸ்வரர் கோயில், பசங்களுக்கு ஜூ, வீட்டுக்காரிக்கு தி.நகர், எனக்கு மகாபலிபுரம், எல்லாருக்கும் மெரினா சன்செட். மொத்தம் 17 இடம் எழுதி இதோட அனுப்பியிருக்கேன். இன்னும் டிக்கெட் போடல, தேதி முன்ன பின்ன ஆனாலும் பரவால்ல. ஒரு பிளான் போட்டுக் குடுங்கக்கா.
– வாசகர், ராஜபாளையம்

பதில்: தம்பி, உங்க லிஸ்ட்டைப் பாத்ததும் சிரிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அத்தை ஒரு தடவை மதுரையிலேருந்து இதே மாதிரி ஒரு லிஸ்ட்டோட வந்தாங்க, ரூல்டு நோட்ல நம்பர் எல்லாம் போட்டு, ஒவ்வொரு இடமா டிக் அடிச்சுக்கிட்டே போனாங்க, ரெண்டு நாள்ல முக்கால்வாசி முடிச்சும் விட்டாங்க. ஊருக்குப் போனதும் மெட்ராஸ் எப்படி இருந்துச்சு அத்தைன்னு போன்ல கேட்டா, கத்திப்பாரா பாலத்துல நாலு தடவை சுத்தினோம்டீ, அதான் ஞாபகம் இருக்குன்னாங்க. உங்க அம்மாவுக்கு முட்டி வலி வேற. அதனால 17ல பாதிக்கு மேல அடிக்கப் போறேன், கோச்சுக்காதீங்க.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். திங்கள், செவ்வாய்ல வராதீங்க. வண்டலூர் ஜூவுக்கு செவ்வாய்க்கிழமை லீவு, கிண்டி சிறுவர் பூங்காவும் அன்னைக்குத்தான் லீவு, முட்டுக்காடு தட்சிணசித்ராவும் அப்படித்தான், உங்க லிஸ்ட்ல இந்த மூணுமே செவ்வாய்க்கிழமை பக்கத்துல எழுதியிருக்கீங்க! லைட் ஹவுஸுக்கும் முதலைப் பண்ணைக்கும் திங்கக்கிழமை லீவு. எக்மோர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை. ஆக வேலை நாள்ல புதனும் வியாழனும்தான் எதுவுமே மூடாத நாள், அந்த ரெண்டு நாளுக்கு டிக்கெட் போட்டுடுங்க. சனி ஞாயிறு வேணாம், எங்க ஊர்க்காரங்களே மெரினாவுல உக்கார இடம் தேடுவோம். காலாண்டு லீவுல அக்டோபர் 2 குறுக்க வந்துச்சுன்னா மட்டும் பாத்துக்குங்க, அன்னைக்கு மியூசியம் கிடையாது.

சரி, எதை எல்லாம் அடிச்சேன்னு சொல்லிடறேன். மால் ரெண்டு எழுதியிருக்கீங்க, அது மதுரையிலயே இருக்கு. நடிகர் வீடுன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க, கேட்டும் வாட்ச்மேனும்தான் தெரியும். தீம் பார்க்குக்கு ஒரு முழு நாள் போயிடும், அடுத்த தடவை பாத்துக்கலாம். ஜூவை அடிக்கறப்போதான் பசங்களை நெனச்சு கை நடுங்குச்சு, ஆனா அது 600 ஹெக்டேர் தம்பி, பேட்டரி வண்டி எல்லாம் இருந்தாலும் அரை நாளுக்கு மேல முழுங்கிடும், அதுக்கு பதிலா ஒண்ணு வச்சிருக்கேன், கீழ வரும்.

தங்கற இடம். உங்க ஊர் பஸ் எல்லாம் இப்ப கோயம்பேடு வர்றதில்ல, ஊருக்கு வெளியே வண்டலூர் தாண்டி கிளாம்பாக்கத்துலயே இறக்கி விட்டுடுவாங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே ரூம் சீப்பா கெடைக்குதேன்னு அங்கயே போட்டுடாதீங்க, அப்புறம் தினமும் தாம்பரத்தையும் கிண்டியையும் தாண்டித்தான் ஊருக்குள்ள வரணும். மயிலாப்பூர், ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி இந்த மூணுல எங்கயாவது போடுங்க. திருவல்லிக்கேணில மேன்ஷன்னு போர்டு இருந்தா அது பேச்சுலர் பசங்க தங்கறது, உங்களுக்கு ஃபேமிலி லாட்ஜ்தான் சரி. போன்லயே ஒரு கேள்வி கேட்டுடுங்க, 24 மணி நேரக் கணக்கா, இல்ல மதியம் 12 டு 12ஆன்னு. காலைல ஏழு மணிக்கு ரூமுக்குள்ள போறவங்களுக்கு 12 மணிக் கணக்குன்னா ஒரு நாள் வாடகை எக்ஸ்ட்ரா கேப்பாங்க, 24 மணி நேரம்னா மறுநாள் காலை ஏழு மணிக்கு காலி பண்ணா போதும், நான் போட்டிருக்கற பிளானுக்கு அது கரெக்டா பொருந்துது.

புதன்கிழமை குளிச்சு முடிச்சு நேரா மயிலாப்பூர். கோயில் மத்தியானம் நடை சாத்துனா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க, அதனால காலைலயே போயிடுங்க. அம்மாவை ஆட்டோல கிழக்கு கோபுரத்துக்கு எவ்வளவு பக்கத்துல விட முடியுமோ அவ்வளவு பக்கத்துல விடச் சொல்லுங்க. உள்ள புன்னை மரத்தடியில சின்ன சன்னதி ஒண்ணு இருக்கு, அம்பாள் மயில் உருவத்துல சிவனைக் கும்பிடற மாதிரி, அதனாலதான் ஊருக்கே மயிலைன்னு பேருன்னு சொல்லுவாங்க, பசங்களுக்கு காட்டுங்க. வெளியே வந்தா டிபன். மயிலாப்பூர்ல மெஸ்ஸுக்கு பஞ்சம் இல்ல, ஆனா பொன்னம்பல வாத்தியார் தெருவுல ஒரு ஜன்னல் கடை இருக்கு, பேரே ஜன்னல் கடைதான், ஒரு வீட்டு ஜன்னல் கம்பிக்குள்ளேருந்து ஒரு கை பஜ்ஜியும் இட்லியும் நீட்டிக்கிட்டே இருக்கும், வெளியே நாம தட்டை ஏந்திக்கிட்டு தெருவுல நின்னுக்கிட்டே சாப்பிடணும், உக்கார இடமெல்லாம் கிடையாது. அம்மாவை ஹோட்டல்ல உக்கார வச்சுட்டு நீங்களும் பசங்களும் மட்டும் போங்க. நவராத்திரி நெருங்கியிருந்தா வடக்கு மாட வீதி ஃபுல்லா கொலு பொம்மை பரப்பியிருப்பாங்க, அதுக்குள்ள போனா உங்க வீட்டம்மா சீக்கிரம் வெளிய வர மாட்டாங்க, டைம் விட்டு வைங்க. சாந்தோம் சர்ச் பக்கத்துலதான், இப்ப இருக்கற கட்டடம் 1896ல கட்டினது, தோமையார் கல்லறை அங்கதான் இருக்கு, பத்து நிமிஷம் எட்டிப் பாக்கலாம், இல்லைன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

மெட்ராஸ்ல பதினொரு மணிலேருந்து மூணரை வரைக்கும் கூரைக்கு அடியில இருக்கணும், செப்டம்பர்லயும் வெயில் மண்டையைப் பொளக்கும், இதை மட்டும் நான் சொல்ற மாதிரி கேளுங்க. அதனால மத்தியானம் ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுங்க. அம்மாவும் வீட்டம்மாவும் தி.நகர். சாயங்காலம் ரங்கநாதன் தெருவுல நாம நடக்க வேணாம், கூட்டமே தள்ளிக்கிட்டுப் போயிடும், ஆனா வேலை நாள்ல மத்தியானம் ஒரு மணி ரெண்டு மணிக்கு பனகல் பார்க் பக்கத்து புடவைக் கடையெல்லாம் காத்து வாங்கும், ஏசி, லிஃப்ட், உக்கார நாற்காலி எல்லாம் இருக்கு, முட்டி வலிக்காரங்களுக்கு இதை விட நல்ல டூரிஸ்ட் ஸ்பாட் நம்ம ஊர்ல கிடையாது, சீரியஸாத்தான் சொல்றேன். ஒயிட் போர்டு பஸ் (சாதாரணக் கட்டண டவுன் பஸ்) கெடைச்சா பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் இல்ல. நீங்க பசங்களைக் கூட்டிக்கிட்டு எக்மோர் மியூசியம் போங்க. 1851ல ஆரம்பிச்சது, நாலஞ்சு கட்டடம், எல்லாத்தையும் பாக்க நெனச்சா பசங்க அழுதுடும். திமிங்கல எலும்புக்கூட்டை காட்டிட்டு நேரா வெண்கலச் சிலைங்க இருக்கற கட்டடத்துக்குப் போயிடுங்க. அங்க திருவாலங்காட்டு நடராஜர் இருக்காரு. தூக்கின காலைப் பாத்துட்டு எல்லாரும் நகந்துடுவாங்க, நீங்க ஊன்றின காலைப் பாருங்க, முட்டி லேசா மடிஞ்சு மொத்த வெயிட்டும் அதுல எப்படி இறங்கியிருக்குன்னு. வரும்போது சென்ட்ரல் பக்கமா வந்தீங்கன்னா 1873 செவப்பு ஸ்டேஷனும் 1913 வெள்ளை ரிப்பன் பில்டிங்கும் பக்கம் பக்கமா நிக்கும், ஆட்டோலேருந்தே பாத்துக்கலாம், இறங்க வேணாம்.

இப்ப மெரினா. தம்பி, மெரினாவுல சன்செட் இல்ல! நமக்கு கடல் கிழக்கால இருக்கு, சூரியன் உங்க முதுகுப் பக்கம் யுனிவர்சிட்டி கட்டடத்துக்குப் பின்னாடி போயிடும், கேமராவைத் தூக்கிக்கிட்டு கடலைப் பாத்து காத்திருக்கறவங்களை நான் வாராவாரம் பாக்கறேன். சாயங்காலம் மெரினாவுக்குப் போறது காத்துக்கு. நாலு மணிக்கே போயிடுங்க, அப்பத்தான் லைட் ஹவுஸ் கெடைக்கும், மூணு மணிக்கு திறந்து அஞ்சரைக்கெல்லாம் மூடிடுவாங்க, லிஃப்ட் இருக்கறதால அம்மாவும் வரலாம். மேலேருந்து பாத்தாத்தான் மெரினா எவ்வளவு அகலம்னு புரியும். அந்த அகலம் பழசு இல்ல, வடக்கே ஹார்பர் கட்டினப்புறம் தெக்கேருந்து கடல் தள்ளிக்கிட்டு வர்ற மணல் வடக்கால போக முடியாம இந்தப் பக்கமே சேந்து சேந்து இப்படி ஆச்சு, அந்தப் பக்கம் ராயபுரம் ஏரியாவுல மணல் வராம கடல் கரையை அரிச்சுருச்சு, நமக்கு பீச் கெடைச்சதும் அவங்களுக்கு வீடு போனதும் ஒரே சுவராலதான். நடக்கறவங்களுக்கும் அது ஒரு தலைவலி, ரோட்லேருந்து தண்ணி வரைக்கும் மணல்ல கால் புதைய புதைய நடக்கணும், அம்மாவால முடியாது. அதுக்கு விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மரத்துல ஒரு பாதை போட்டிருக்காங்க, 2022ல திறந்தது, மாற்றுத்திறனாளிங்க வீல் சேர்ல போறதுக்காக கட்டினது, அலை பக்கத்துல வரைக்கும் போகும், வயசானவங்களும் போறாங்க, அம்மாவை அது வழியா கூட்டிட்டுப் போய் கடலைக் காட்டுங்க.

பசங்க விஷயத்துல மட்டும் கொஞ்சம் கண்டிப்பா இருங்க. முட்டி வரைக்கும் கூட வேணாம், பாதம் நனைஞ்சா போதும், அதுவும் கையைப் பிடிச்சுக்கிட்டு. மேல பாத்தா அலை சாதாரணமாத்தான் இருக்கும், திரும்பிப் போற தண்ணி காலுக்கடியில மணலை உருவி இழுத்துக்கிட்டுப் போகும், நீச்சல் தெரிஞ்ச பெரியவங்களே போயிருக்காங்க. மத்தபடி சுண்டல், மாங்கா, மிளகா பஜ்ஜி, பலூன் சுடறது, குதிரை, எல்லாம் உண்டு, குதிரைக்கு ஏறறதுக்கு முன்னாடியே ரேட்டைப் பேசிடுங்க. ராத்திரி திருவல்லிக்கேணில சாம்பார் இட்லி சாப்பிட்டு தூங்குங்க, இட்லி மேல சாம்பார் இல்ல, சாம்பாருக்குள்ளதான் இட்லி.

வியாழக்கிழமை லக்கேஜோட காலி பண்ணிடுங்க, திரும்பி ஊருக்குள்ள வரவே போறதில்ல. முழு நாள் வண்டி ஒண்ணு முதல் நாளே பேசி வைங்க, பேசும்போதே கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) டோல், பார்க்கிங் எல்லாம் சேத்தா சேக்காமயான்னு கேட்டு வாட்ஸ்ஆப்ல எழுதி வாங்கிடுங்க, வாயால சொன்னது சாயங்காலம் ஞாபகம் இருக்காது. ஆறரைக்கு கிளம்பினா எட்டு மணிக்கு மகாபலிபுரம். வழியில வேற எங்கயும் நிக்காதீங்க, மத்ததெல்லாம் திரும்பும்போது. பத்தரைக்கு மேல அங்க பாறை தோசைக்கல்லு மாதிரி ஆயிடும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் ரெண்டுக்கும் சேத்து ஒரே டிக்கெட்தான், ஆளுக்கு 40 ரூபா, 15 வயசுக்குள்ள பசங்களுக்கு ஃப்ரீ. கடற்கரைக் கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்துது, 1300 வருஷமா உப்புக்காத்துல நிக்குது, சிலைங்க முகமெல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி ஆயிருக்கும்.

ஆனா அதிக நேரம் அர்ஜுனன் தபசு பாறைக்கு முன்னாடி நில்லுங்க. யானை எல்லாருக்கும் தெரியும். பெரிய யானைக்குப் பக்கத்துல கீழ ஒரு பூனை இருக்கு, பின்னங்கால்ல நின்னுக்கிட்டு முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல தூக்கி தவம் பண்ணுது, மேல தவம் பண்ற ஆளைப் பாத்து அப்படியே காப்பி அடிக்குது, அது காலடியில எலிங்க அதை நம்பி விளையாடிட்டு இருக்கும். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, ஒரு பூனை இருக்கு கண்டுபிடிங்கன்னு மட்டும் விட்டுடுங்க. அம்மாவுக்கும் வசதி, பாறை ரோட்டோரத்துலயே இருக்கு, ஏற வேண்டியது இல்ல. மலை மேல போறதெல்லாம் நீங்களும் பெரியவனும் மட்டும் ஓடிப் போய் ஓடி வந்துடுங்க.

திரும்பி வர்ற வழியில வடநெம்மேலில முதலைப் பண்ணை, ஜூவுக்கு பதிலான்னு சொன்னேன்ல, இதுதான். 1976ல ஆரம்பிச்சது, மர நிழல், அதிகம் நடக்க வேணாம், முதலைங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டு அசையாம கிடக்கும், உங்க சின்னவன் அது பொம்மைன்னு சண்டை போடுவான். அதுக்கப்புறமும் தெம்பு இருந்தா இன்னும் கொஞ்சம் மேல வந்து தட்சிணசித்ரா, செட்டிநாட்டு வீடு, கேரளா வீடுன்னு பழைய வீடுங்களை அப்படியே பிரிச்சுக் கொண்டாந்து திரும்பக் கட்டி வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா முதலையை விட்டுட்டு இங்கதான் போவேன், அந்தத் திண்ணையில சாஞ்சு உக்காந்துட்டா எழுந்திருக்க மனசு வராது. ஆனா பசங்க லீவுக்குத்தானே வரீங்க, அவங்களுக்குத்தான் முதல் ஓட்டு.

பஸ்ஸுக்கு திரும்ப சிட்டிக்குள்ள வராதீங்க. கோவளத்துலேருந்து கேளம்பாக்கம், அங்கேருந்து வண்டலூர் ரோடு, நேரா கிளாம்பாக்கம். மெட்ரோ வேலைக்காக ரோடு ரோடா தோண்டிப் போட்டிருக்கற இடத்துல எல்லாம் மாட்ட மாட்டீங்க. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்குங்க. பேரை கவனிச்சீங்களா, கேளம்பாக்கம் வேற, கிளாம்பாக்கம் வேற! எங்க சித்தப்பா ஒரு தடவை ஆப்ல கார் புக் பண்ணும்போது கேளம்பாக்கம்னு போட்டுட்டு, பழைய மகாபலிபுரம் ரோட்ல ஒரு டீக்கடை வாசல்ல மூணு பெட்டியோட இறங்கி நின்னுக்கிட்டு, இங்க பஸ் ஸ்டாண்டே இல்லையேம்மான்னு எனக்கு போன் பண்ணாரு, பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்துச்சு. நீங்க கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை, கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம்னு முழுப் பேரையும் தேடிப் பிடிச்சு டிரைவர் போனுக்கு லொகேஷனா காலைலயே அனுப்பிடுங்க.