நோவை வீட்டு வரியில் பேருந்துக்கு 190 டாலரா?

மிச்சிகனில், நோவை நகரில் போன வருடம் நாலு லட்சம் டாலருக்கு வீடு வாங்கினீர்கள். ஏறாத பேருந்துக்கு 190 டாலர் வரி, பக்கத்து வீட்டுக்காரருக்கோ அதில் பாதிதான், கணக்குத் தப்பா என்று கேட்கிறீர்கள். தப்பில்லை.

2022 நவம்பரில் ஓக்லாந்து கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற 0.95 மில் வரி அது, 10 ஆண்டுக்கு. அதுவரை பேருந்து வரியிலிருந்து விலகி நின்ற நோவையும் அதில் சேர்ந்துவிட்டது. வரிமதிப்பில், அதாவது வரி போட எடுத்துக்கொள்ளும் மதிப்பில், ஆயிரத்துக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். புதிதாக வாங்கிய வீட்டுக்கு வரிமதிப்பு ஏறக்குறைய விலையில் பாதி. இரண்டு லட்சத்துக்கு 190 சரிதான்.

மிச்சிகனில் வரிமதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் மறுவருடமே அந்த உச்சவரம்பு போய், வரிமதிப்பு சந்தை விலையில் பாதிக்கு ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வெகுநாளாய் அங்கேயே இருப்பவர், தப்பித்தார்.

அதை விடுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கான விலக்குப் படிவம் கொடுத்தீர்களா? இல்லையென்றால் பள்ளி வரி 18 மில் வரை கூடுதலாகப் போகும். பில்லில் அந்த விலக்கு 100 சதவீதம் என்று இருக்கிறதா, முதலில் பாருங்கள்.