கோரையைப் பிடுங்காதீர்கள், தோண்டுங்கள்

கேள்வி: வீட்டு முன்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் கொரியன் புல் தரை போட்டிருக்கிறோம். போன மழைக்கு முன்பு செம்மண்ணும் தொழுஉரமும் கலந்து மேலே தூவினோம். இப்போது புல்லைவிடக் கோரைதான் உயரமாக நிற்கிறது. தோட்டக்காரர் வாராவாரம் பிடுங்குகிறார், உடனே முளைத்துவிடுகிறது. கல் உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உப்பு வேண்டவே வேண்டாம், அம்மா. புல் கருகும், மண்ணும் கெடும், கோரை திரும்ப வரும்.

ஒரே ஒரு கோரையைக் களைக்கொத்தால் அரையடி ஆழத்துக்குத் தோண்டி, மண்ணை மெதுவாக உதறிப் பாருங்கள். முப்பட்டைத் தண்டுக்கு அடியில் ஒரு முடிச்சு, அதிலிருந்து கம்பி போல ஒரு வேர், அதன் முனையில் கறுப்பாக ஒரு கிழங்கு. அங்கிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் விற்கிற கோரைக்கிழங்கு இதுதான். முளைவிட்ட கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். மேலே பிடித்து இழுத்தால் தண்டு அறுந்துவிடும், தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் முளைவிடும். அதனால்தான் பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறது.

உங்கள் இடம் சின்னது, கையாலேயே முடித்துவிடலாம். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் கோரை அடர்ந்த இடங்களில் புல்லோடு சேர்த்து அரையடி வெட்டி எடுங்கள். மண்ணைச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கி, மொட்டைமாடி வெயிலில் சுருங்கும் வரை காய வையுங்கள். எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்புறமும் தரையில் கோரை முளைக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று இலை விடும்போதே, கிழங்கோடு தோண்டிவிட வேண்டும். இலை முற்றினால் அது புதுக் கிழங்குக்குச் சத்து சேர்க்க ஆரம்பித்துவிடும். ஒரு வருஷமாவது விடாமல் செய்யுங்கள்.

கோரைக்கு நிழல் ஆகாது. புல்லை மொட்டையாக வெட்டாமல் கொஞ்சம் வளரவிடுங்கள், சொட்டை விழுந்த இடத்தில் புல் கரணை நட்டு மூடுங்கள். தினமும் தெளிப்பதை விட்டு, காய்ந்த பிறகு ஆழமாக நனையும்படி விடுங்கள்.

களைக்கொல்லி மருந்து? கிளைபோசேட் உங்கள் புல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஹாலோசல்பியூரான் மீத்தைல் கோரையைக் கட்டுப்படுத்தும். கரும்பில் அதற்கு ஏக்கருக்கு 36 கிராம்தான் அளவு. அந்தக் கணக்கில் உங்கள் ஒன்றரை சென்ட்டுக்கு அரை கிராம் வரும். அதை வீட்டில் சரியாக நிறுத்துக் கலக்க முடியாது. குழந்தைகள் புரளும் தரைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குக் கோரை வந்த வழி அந்தச் செம்மண்ணாகவோ எருவாகவோதான் இருக்கும். அடுத்த முறை மண் வந்ததும் ஒரு மூலையில் பரப்பி, நனைத்து, மூன்று வாரம் விட்டுவையுங்கள். கிழங்கு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே முளைத்துக் காட்டிவிடும். அந்த லோடைத் தரையில் தூவாதீர்கள்.