மழை முன்னே பின்னே ஆனால் வெள்ளாமை என்ன செய்யும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்காவிட்டால் நெல் போய்விடுமா? (மேலூர்)

போகாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலே நெல் நன்றாக வரும். ஓர் அடி நீள பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்குங்கள். குழாய்க்குள் இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். உள்ளே தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனபிறகு அடுத்த பாய்ச்சல் போதும். மேலே மண் காய்ந்து தெரிந்தாலும் வேருக்கு எட்டும் தூரத்தில் ஈரம் இருக்கும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். களை கொஞ்சம் கூடும், கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை ஓட்டுங்கள். தேங்கிய நீரில் உருவாகும் மீத்தேனும் இதனால் குறைகிறது. பூமி சூடாவதற்கு அந்த வாயுவும் ஒரு காரணம்.

கரிசல் மானாவாரி. மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றுவிட்டது. குதிரைவாலிக்கு மாறலாமா? (பேரையூர்)

மாறுங்கள், ஆனால் மொத்த நிலத்திலும் ஒன்றையே போடாதீர்கள். படைப்புழு 2018-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. ஒரே பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றதால் அதற்குக் கொண்டாட்டமாகிவிட்டது. குதிரைவாலி என்ற இந்தச் சிறுதானியம் சுமார் 100 நாளில் அறுவடைக்கு வரும், அதன் தாள் மாட்டுக்குத் தீவனமாகும். மதுரை வேளாண் கல்லூரி வெளியிட்ட மதுரை 1 ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பகுதியில் சோளமும் ஊடே தட்டைப்பயறும் போடுங்கள். மழை ஒன்றைக் கைவிட்டாலும் இன்னொன்று வீட்டுக்குச் சோறு போடும். விற்பனையைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வறட்சியைத் தாங்க, சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் (ஓர் உர உப்பு) கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே 5 செ.மீ. ஆழத்தில் விதைத்துவிடலாம். மேலாக விதைத்தால் ஒரு தூறலுக்கே முளைத்துக் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதை நல்ல மழைக்காகக் காத்திருக்கும்.

அப்புறம், குதிரைவாலியின் உமி கெட்டி. விதைக்கும் முன்பே அரிசியாக்கித் தரும் ஆலை பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கண்மாய் வண்டலை வயலுக்கு அடிக்கலாமா? (திருமங்கலம்)

தாராளமாக. தாசில்தார் அனுமதி வாங்கி, கோடையிலேயே அடித்துவிடுங்கள். செம்மண் நிலத்தில் ஈரம் நிற்க இதைவிட மலிவான வழி இல்லை.

யூரியாவை இந்த வருடமே அடியோடு நிறுத்தப் போகிறேன். சரிதானே? (உசிலம்பட்டி)

அவசரப்படாதீர்கள். இலங்கை 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. அந்த வருடமே தடையை விலக்க வேண்டி வந்தது, ஆனாலும் அடுத்த அறுவடையில் நெல் விளைச்சல் சரிந்தது. மண் தேறுவதற்கு அவகாசம் வேண்டும். முதலில் ஓர் ஏக்கரில், பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு 20 கிலோ விதையுங்கள். பூவெடுக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுது நெல் நடுங்கள். அந்த வயலில் யூரியாவைக் குறைத்துப் பார்த்து, பயிரின் நிறத்தைக் கவனித்தபின் மற்ற வயலுக்குப் போங்கள்.