சன்ஸ்கிரீன்: குழாயில் உள்ள எண்ணும் விரலில் எடுக்கும் அளவும்

இம்முறை வந்த கேள்விகள் பலவும் ‘எதை வாங்குவது’ என்பதைச் சுற்றியே இருக்கின்றன. ‘எவ்வளவு பூசுவது’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு தோல் மருத்துவராக என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். அதனால் கேட்காத அந்தக் கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எஸ்.பி.எஃப். 30 பயன்படுத்துகிறேன். 50-க்கு மாறினால் பாதுகாப்பு ஏறக்குறைய இரு மடங்காகுமா?

ஆகாது. எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிர்களை முதன்மையாகக் கருதி வைத்த அளவுகோல். 15 என்றால் அவற்றில் சுமார் 93 விழுக்காடும், 30 என்றால் 97 விழுக்காடும், 50 என்றால் 98 விழுக்காடும் தடுக்கப்படும். எண் ஏறும் வேகத்தில் பாதுகாப்பு ஏறுவதில்லை.

இருந்தும் என்னிடம் வருவோருக்கு நான் 50-ஐத்தான் பரிந்துரைக்கிறேன். ஆய்வகத்தில் இந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வீட்டில் நாம் பூசுவதோ பெரும்பாலும் அதில் பாதி, சில நேரம் கால் பங்கு. அப்படிப் பூசினால் குழாயில் 50 என்று இருந்தாலும் முகத்தில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. எண் சற்றுக் கூடுதலாக இருந்தால் நம் கைச் சிக்கனத்தை ஓரளவு ஈடுகட்டும்.

ஆனால் சிக்கனத்தை விடுவதே சரியான வழி. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது வேண்டும். முதல் நாள் ‘இவ்வளவா!’ என்று தோன்றும். இரண்டு தவணையாகப் பூசினால் நன்றாகப் படியும். காது மடல், நெற்றியில் முடி தொடங்கும் இடம், கழுத்தின் பக்கவாட்டு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் விடுபடுகின்றன.

நாள் முழுவதும் அலுவலகத்துக்குள், கணினி முன் இருக்கிறேன். எனக்கும் தேவையா?

உங்கள் இருக்கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரணச் சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் உள்ளே உட்கார்ந்திருந்தால் தோல் சிவப்பதில்லை, நாமும் ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தோலின் ஆழம்வரை சென்று சுருக்கத்தையும் தளர்வையும் உண்டாக்கும் புற ஊதா ஏ கதிர்கள் கண்ணாடியைக் கடந்து வருகின்றன. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் படத்தை 2012-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. சன்னல் பக்கமிருந்த பாதி முகத்தில் மட்டும் தோல் தடித்து, ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தன. ஒரே மனிதர், ஒரே வயது, இரண்டு முகங்கள்.

எனவே சன்னலோரம் அமர்பவர் பூச வேண்டும். எஸ்.பி.எஃப். எண்ணோடு புற ஊதா ஏ பாதுகாப்பையும் பாருங்கள். பி.ஏ. என்ற குறியீட்டுக்குப் பின் எத்தனை கூட்டல் குறிகள் இருக்கின்றனவோ அந்த அளவுக்கு அந்தப் பாதுகாப்பு கூடும். நான்கு என்பது உச்சம். சன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தால், போக வரும் வழிக்கு மட்டும் போதும். கணினித் திரையின் ஒளிக்காக யாரும் சன்ஸ்கிரீன் பூச வேண்டியதில்லை.

என் நிறம் மாநிறம். கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. ஓராண்டாக சன்ஸ்கிரீன் பூசியும் குறையவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி பலரிடமிருந்தும் வருகிறது, பலரை மனம் சோரவும் வைக்கிறது. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி ஓரளவு இயற்கைக் குடைதான். வெயிலில் தோல் எளிதில் வேகாது. ஆனால் அதே மெலனின்தான் சிறு தூண்டலுக்கும் அதிகமாகச் சுரந்து கருமையாகப் படிகிறது. அந்தத் தூண்டல் புற ஊதாக் கதிரோடு நிற்பதில்லை. கண்ணால் காணும் பகல் வெளிச்சமும் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கருமையைக் கூட்டுகிறது. நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. உங்கள் தவறு எதுவும் இல்லை. உங்களுக்கு வேண்டிய வகை வேறு.

இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீனுக்கு மாறுங்கள். உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வெளியே போகும்போது அகன்ற விளிம்புத் தொப்பியோ குடையோ கூடவே இருக்கட்டும். மங்குக்கு சன்ஸ்கிரீன் மட்டுமே மருந்தாகாது. ஆனால் அது இல்லாமல் மற்ற மருந்துகளால் கிடைக்கும் பலன் நிலைக்காது.

எண்ணெய்ப் பசையுள்ள முகம். பூசினாலே பரு வருகிறது, கண்ணும் எரிகிறது.

கிரீமை விட்டு ஜெல் அல்லது நீர்த்த திரவ வகைக்கு மாறுங்கள். துளைகளை அடைக்காது என்ற குறிப்பு இருக்கட்டும். இரவில் நன்றாகக் கழுவிவிடுங்கள். கண் எரிச்சலுக்கு, கண்ணைச் சுற்றி மட்டும் துத்தநாக ஆக்ஸைடு கலந்ததைப் பயன்படுத்திப் பாருங்கள். வெள்ளைப் படலம் சிறிது தெரியலாம். முகத்துக்குப் பொருந்தாத ஒன்றை வைராக்கியமாகப் பூசிக்கொண்டிருக்காதீர்கள். பிடிக்காததை எப்படியும் குறைவாகத்தான் பூசுவோம்.

மாய்ஸ்சரைசருடன் கலந்து பூசலாமா? பவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறதே?

கலக்க வேண்டாம், படலம் சீராக அமையாது. முதலில் மாய்ஸ்சரைசர், அது காய்ந்ததும் சன்ஸ்கிரீன், அதன்மேல் ஒப்பனை. பவுண்டேஷனை யாரும் இரண்டு விரல் அளவு பூசுவதில்லை என்பதால் அதிலுள்ள எண்ணை நம்ப முடியாது. வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், வியர்த்தாலோ முகத்தைத் துடைத்தாலோ உடனேயும் மறுபடி பூச வேண்டும்.

45 வயதுவரை எதுவும் பூசியதில்லை. இனித் தொடங்கிப் பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நான்கரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரு பிரிவினர் தினமும் பூசினார்கள்; மற்றவர்கள் தோன்றியபோது பூசினார்கள். தினமும் பூசியவர்களிடம் தோல் முதிர்ச்சி 24 விழுக்காடு குறைவு.

நான்கு மாதக் குழந்தைக்குப் பூசலாமா?

வேண்டாம். ஆறு மாதம் ஆகும்வரை நிழல், மெல்லிய முழுக்கைச் சட்டை, தொப்பி இவையே போதும்.

சென்ற ஆண்டு வாங்கிய 50 கிராம் குழாய் பாதி மீதமிருக்கிறது. பயன்படுத்தலாமா?

காலாவதித் தேதி தாண்டாமல், நிறமும் மணமும் மாறாமல், நீர் தனியே பிரியாமல் இருந்தால் பயன்படுத்தலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்ததென்றால் எறிந்துவிடுங்கள். ஆனால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். முகத்துக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஆகும். தினமும் ஒரு முறை பூசினாலே 50 கிராம் ஏழு வாரங்களில் தீர வேண்டும். உங்களுடையது ஓராண்டாகியும் பாதி இருக்கிறது. அடுத்த குழாயைத் திறக்கும் நாளில் தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள்.